கண்ணுக்கெட்டாத ஆய்வுகூடம்

தொலைவிலிருந்து செய்முறை கற்பிக்கும் இளைஞரின் பணி

கொழும்பிலிருந்து கண்டி வீதி வழியாகக் களனி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றால், தளுகமை என்னுமிடத்திற் களனிப் பல்கலைக்கழகத்தைக் காணலாம். 1875 ஆம் ஆண்டில் இரத்மலானை ஸ்ரீ தர்மாலோக தேரர் தோற்றுவித்த வித்தியாலங்கார பிரிவேனா, 1959 இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1978 முதல் களனிப் பல்கலைக்கழகம் என்னும் பெயருடன் விளங்கி வருகின்றது. பாளியும் சமஸ்கிருதமும் ஓதிய அம்மரபிலே 1967 இல் விஞ்ஞான பீடமும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்து பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும், வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நாள்தோறும் பஸ் ஏறிச் செல்லும் கொழும்புப் பிள்ளைகளும் இப்பல்கலைக்கழகத்துக்குப் புதியவரல்லர்.

இத்தகைய பிள்ளைகள் விடுமுறையில் வீடு திரும்பும்போது தம் பேராசிரியர்களைப் பற்றிப் பேசுவர்; விரிவுரையாளர்களைப் பற்றிப் பேசுவர். ஆனால், ஆய்வுகூடத்தில் தம் தோளருகே நின்று, "அளவியைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள்" என்று சொல்லித் தந்த ஒருவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவரே செய்துகாட்டுநர். பேச்சு வழக்கில் 'டெமன்ஸ்ட்ரேட்டர்' என்பர். அண்மையிலே பட்டம் பெற்ற இளைஞராகவோ யுவதியாகவோ இருப்பார். பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தத்திலே பணியாற்றுவார். உபகரணங்களைச் சரிபார்த்து வைத்தல், செய்முறையைச் செய்து காட்டல், மாணவர் தடுமாறுமிடத்திற் கைகொடுத்தல், பதிவேடுகளைத் திருத்திப் புள்ளியிடல் ஆகியவை அவருடைய கடமைகள்.

ஆய்வுகூடத்தின் கதவு மூடப்பட்டு, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்தபடியே செய்முறை பயிலவேண்டி நேர்ந்தால், தோளருகே நிற்கவேண்டிய இவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அப்பொழுதுதான் அவருக்கு வேலை மிகுதி என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது.

தூரத்துப் படிப்பு புதிதன்று

தொலைவிலிருந்து கற்கும் முறை கணினியோடு பிறந்தது என்று எண்ணுதல் தவறு. லண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே, தன் வாயிலை மிதியாதவரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெற வழிசெய்தது. இலங்கையில் 1921 இற் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, லண்டன் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்து வந்தது. பட்டம் லண்டனுடையது, படிப்புக் கொழும்பினுடையது. எனினும் ஆய்வுகூடமும் அதில் வழிகாட்டுவோரும் மாணவருக்கு அருகிலேயே இருந்தனர்.

ஆய்வுகூடத்தையே மாணவரின் வீட்டுக்கு அனுப்பும் துணிவு பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு உண்டாயிற்று. 1969 இற் சாசனம் பெற்று, 1971 இற் கற்பித்தலைத் தொடங்கிய அந்நிறுவனம், விஞ்ஞான மாணவருக்குத் தபால் மூலம் பெட்டிகளை அனுப்பியது. கண்ணாடிக் கருவிகள், இரசாயனப் பொருள்கள் என்பவற்றோடு, மக்காத்தர் என்பவர் வகுத்த அமைப்பிற் செய்யப்பட்ட சிறியதொரு பிளாஸ்ரிக் நுணுக்குக்காட்டியும் அப்பெட்டிக்குள் இருந்தது. குசினி மேசையே ஆய்வு மேசையாயிற்று. ஆயினும் பெட்டி மாத்திரம் போதுமென்று அவர்கள் கருதினாரல்லர். ஊர்தோறும் உதவியாசிரியரை நியமித்தனர். கோடையில் மாணவரை ஒருவாரம் பல்கலைக்கழகங்களுக்கு அழைத்து ஆய்வுகூடத்திற் பயிற்றினர்.

நம் நாட்டிலே 1980 இல் நாவலையில் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் இதே உண்மையை உணர்ந்தே நடக்கின்றது. பாடநூல் வீட்டுக்கு வரும். செய்முறைக்கோ மாணவர் நிலையங்களுக்கு வரவேண்டும். பகலில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு விஞ்ஞானப் பட்டத்துக்குப் படிப்போர், விடுமுறை நாளிலே ஆய்வுகூடத்துக்கு வந்து, செய்துகாட்டுநரின் துணையுடன் அளவிகளைக் கையிலெடுக்கின்றனர்.

கதவடைத்த காலம்

2020 மார்ச் மாத நடுப்பகுதியிற் கொள்ளை நோயினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் விரைவிலேயே இணையத்துக்கு மாறின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் வழியாக மாணவர் கட்டணமின்றி வகுப்புகளிற் சேர வசதி செய்யப்பட்டது பெரிய உதவியாகும். எனினும் அலைவரிசை எட்டாத ஊர்கள் இருந்தன. 2021 இல் ஊவா மாகாணக் கிராமங்களிலே பிள்ளைகள் பாறைமேல் ஏறி நின்று கைத்தொலைபேசியிற் பாடம் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே எரிபொருட் பஞ்சம் வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் வந்தது. நோய் தணிந்து திறந்த கதவுகள், பஸ் ஓடாமையால் மீண்டும் பாதி மூடின.

விரிவுரையைத் திரையிற் கேட்கலாம்; குறிப்பெடுக்கலாம். செய்முறையோ அவ்வாறன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது ஆய்வுகூடத்துக்கென்றே சொன்னது போலும்! எனவே செய்துகாட்டுநர்கள் பலவாறு முயன்றனர். ஆளற்ற ஆய்வுகூடத்தில் நின்று செய்முறையைப் படம்பிடித்து அனுப்புதல் ஒரு வழி. பெறப்பட்ட வாசிப்புகளை மாணவருக்குக் கொடுத்துக் கணிக்கச் செய்தல் மற்றொரு வழி. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே மாணவர் தாமே அளந்து பார்த்தல் மூன்றாவது வழி. இம்மூன்றினுள் இறுதியாகச் சொன்னதே மிகவும் கடினமானது; மிகவும் பயனுள்ளதும் அதுவே.

ஊசல் சொல்லும் கதை

உதாரணமாக எளிய ஊசலை எடுத்துக்கொள்வோம். நூல் ஒன்று, மேசன்மார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்று, கைத்தொலைபேசியிலுள்ள கடிகாரம் ஒன்று: இவை இல்லாத வீடு அரிது. குண்டு இல்லையெனிற் பூட்டு ஒன்றைக் கட்டலாம். ஒரு மீற்றர் நீளமுள்ள ஊசலை இலேசாக ஆட்டிவிட்டு, இருபது அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் செல்கின்றது என்று பார்க்கவேண்டும். அந்நேரத்தை இருபதால் வகுத்தால் ஓர் அலைவின் காலம் கிடைக்கும். பின்னர், நீளத்தை 39.48 ஆற் பெருக்கி, அலைவுகாலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், புவியீர்ப்பினால் உண்டாகும் ஆர்முடுகல் கிடைக்கும்.

தூர ஊரிலிருக்கும் மாணவி ஒருத்தி, தன் வீட்டு விறாந்தையில் இதைச் செய்து, இருபது அலைவுக்கு 38.2 செக்கன் என்று எழுதி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணித்தால் 10.82 என்று வருகின்றது. பாடநூலில் உள்ளதோ 9.81. விடையை மட்டும் பார்ப்பவர் பிழையென்று சிவப்புக் கோடிட்டு விடுவார். நல்ல செய்துகாட்டுநர் அவ்வாறு செய்யார். 38.2 என்ற எண்ணை உற்றுப் பார்ப்பார். அதை இருபதுக்குப் பதிலாகப் பத்தொன்பதால் வகுத்துப் பார்ப்பார். விடை 9.77 என்று வரும். உடனே அவருக்கு நடந்தது விளங்கிவிடும். குண்டை விட்ட கணத்திலேயே அம்மாணவி 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். 'பூச்சியம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே இருபது என்று அவள் எண்ணி முடித்தபோது ஊசல் ஆடியது பத்தொன்பது முறையே.

"தங்கச்சி, எண்ணத் தொடங்கும்போது என்ன சொன்னீர்கள்?" என்ற ஒரே வினா போதும். அவளே தன் வழுவைக் கண்டுகொள்வாள். தானே கண்டுகொண்ட வழுவை அவள் வாழ்நாளில் மறப்பாளோ?

இன்னொரு மாணவன் நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளவாமல், மேற்புறம் வரை மாத்திரம் அளந்திருப்பான். இரண்டு சென்ரிமீற்றர் குறைந்துபோயிருக்கும். அரை மீற்றர் ஊசலில் இது நூற்றுக்கு நான்கு பங்கு வழுவாகும். இதற்கும் வழியுண்டு. ஐந்தாறு வேறுவேறு நீளங்களுக்கு அலைவுகாலத்தை அளந்து, அதன் வர்க்கத்தை நீளத்தோடு வரைபில் இடச் சொல்வார் செய்துகாட்டுநர். நேர்கோடு கிடைக்கும், ஆனால் அது மூலப்புள்ளியிற் சேராது, சற்று மேலே வெட்டும். அந்த வெட்டுத்துண்டே விடுபட்ட இரண்டு சென்ரிமீற்றரைக் காட்டிக்கொடுக்கும். கோட்டின் படித்திறனோ கெடாதிருக்கும். அதிலிருந்து சரியான விடையைப் பெறலாம். ஆய்வுகூடத்தில் விலையுயர்ந்த கருவியைக் கொண்டு கற்பதற்கு இது எவ்வகையிலும் குறைந்த பாடமன்று.

லண்டன் எண்ணும் கொழும்பு எண்ணும்

இங்கே ஒரு சுவையான செய்தியை வாசகருக்குச் சொல்லவேண்டும். பாடநூல்களிற் காணப்படும் 9.81 என்பது லண்டன் போன்ற இடங்களுக்குரிய எண். பூமி துருவங்களிற் சற்றுத் தட்டையாகவும் மத்திய கோட்டிற் சற்றுப் புடைத்தும் இருக்கின்றது. அத்துடன் தன்னைத்தானே சுற்றியும் வருகின்றது. ஆதலால் மத்திய கோட்டுக்கு அண்மையிலே ஈர்ப்புச் சிறிது குறைவு, துருவத்தில் 9.83 வரை செல்லும். ஏறக்குறைய ஏழாம் பாகை அகலக்கோட்டிலுள்ள கொழும்பில் அது 9.78 ஆகும்.

ஆகவே களனியிலோ கொட்டாஞ்சேனையிலோ செவ்வையாக அளந்தவனுக்கு 9.78 ஐச் சூழ்ந்தே விடை வரவேண்டும். ஆயினும் கைக்கடிகார அளவீட்டில் 0.2 செக்கன் முன்பின்னாகும். இருபது அலைவிலே அது விடையை ஏறத்தாழ 0.1 அளவுக்கு அசைத்துவிடும். ஐம்பது அலைவு எண்ணினாலும் 0.04 அளவு ஐயம் எஞ்சும். எனவே வீட்டு ஊசலைக் கொண்டு 9.78 ஐயும் 9.81 ஐயும் வேறுபடுத்திக் காணல் எளிதன்று. "9.7 இற்கும் 9.9 இற்கும் இடையில்" என்று எழுதுபவனே உள்ளதை எழுதியவன். இருபது முறை எண்ணிவிட்டு, ஐயத்துக்கு இடமின்றி "9.81" என்று எழுதியவன் எதைப் பார்த்து எழுதினான்? ஊசலைப் பார்த்தல்ல, நூலைப் பார்த்தே எழுதினான்.

தொலைக்கல்வியின் பெரும் அபாயம் இதுவேயாகும். அருகில் நின்று பார்ப்பார் எவருமில்லை. நண்பனின் பதிவேடோ கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் வந்து சேரும். சரியான விடைக்கே புள்ளி கிடைக்கும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். அந்நிலையில் அளவாமலே அளந்ததாக எழுதும் பழக்கம் உண்டாகிவிடும். இப்பழக்கத்தோடு பட்டம் பெற்ற ஒருவர், நாளை மருந்தின் தரத்தையோ குடிநீரின் தூய்மையையோ பரிசோதிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தால் என்னாகும்? அவ்விடத்திற் பொய்யான ஓர் எண்ணுக்கு விலை கொடுப்பவர் ஊர் மக்களன்றோ?

இப்பழக்கத்தைத் தடுக்கக் காவற்காரர் தேவையில்லை. செய்துகாட்டுநரின் திருத்தும் முறையே போதும். விடைக்கு மட்டும் புள்ளியிடாமல், அடித்துத் திருத்திய வாசிப்புகளும் நேரமும் குறித்த முதற் குறிப்பையே படமெடுத்து அனுப்பும்படி கேட்கவேண்டும். அழுக்கான குறிப்பேடு அழகான பொய்யிலும் மேலானது என்று மாணவர் உணரும்படி செய்யவேண்டும். 10.82 என்று உள்ளபடி எழுதியவளை முதலிற் பாராட்டிவிட்டே பின்னர் வினாவைக் கேட்கவேண்டும். உண்மை எழுதியதற்காக ஒரு முறை தண்டிக்கப்பட்ட பிள்ளை, மறுமுறை உண்மை எழுதாது.

திரை செய்யும் குறும்பு

இரசாயனப் பாடத்திலே சிக்கல் இன்னும் மிகுதி. அமிலமும் காரமும் சேர்க்கும் நியமிப்பிலே, பினோத்தலீன் என்னும் காட்டி, நிறமற்ற நிலையிலிருந்து மெல்லிய இளஞ்சிவப்புக்கு மாறும் கணத்தைப் பிடிக்கவேண்டும். ஒரு துளி மிஞ்சினாற் போதும், அளவு கெட்டுவிடும். ஆய்வுகூடத்தில் "நிறுத்துங்கள்" என்று செய்துகாட்டுநர் சொல்லிவிடலாம். இணையத்திலோ அவர் குரல் மாணவனைச் சென்றடையும் முன்பே துளி விழுந்துவிடும். அன்றியும், கைத்தொலைபேசி தன் விருப்பப்படி வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்திக் காட்டுவதால், அங்கே இளஞ்சிவப்பாயிருப்பது இங்கே வெண்மையாகத் தோன்றும்.

எனவே நடக்கும்போது திருத்துவதை விட்டு, நடக்குமுன் கற்பிப்பதே முறை. குடுவைக்கடியில் வெள்ளைத்தாள் விரிக்கவும், மாறாத நிறமுள்ள குடுவை ஒன்றைப் பக்கத்தில் ஒப்புநோக்க வைக்கவும், துளி விழும் கணத்தை மாணவன் தானே வாய்விட்டுச் சொல்லவும் பழக்கவேண்டும். அளவியிலே நீரின் பிறையுருவைக் கண் மட்டத்தில் நோக்காவிடின் உண்டாகும் இடமாறு தோற்ற வழுவையும், ஒரே மட்டத்தை மேலிருந்தும் கீழிருந்தும் படமெடுத்து முன்கூட்டியே காட்டிவிடலாம்.

வீட்டிலே பாதுகாப்பாகச் செய்யத்தக்க இரசாயனமும் உண்டு. செவ்வரத்தம்பூவின் இதழைச் சுடுநீரில் ஊறவைத்த சாறு, தேசிக்காய்ப் புளியிற் சிவக்கும். சவர்க்கார நீரிற் பச்சையாகும். நம் முற்றத்துப் பூவே காட்டியாகப் பயன்படுவதைக் காணும் சிறு பிள்ளைகளும் மகிழ்வர். ஆனால் செறிந்த அமிலங்களையும் நச்சு வாயு எழும் சேர்க்கைகளையும் எக்காரணங்கொண்டும் வீட்டிற் செய்யலாகாது. அவற்றுக்கு மாணவர் ஆய்வுகூடத்துக்கு வந்தே ஆகவேண்டும். எதை அனுப்பலாம், எதை அனுப்பலாகாது என்று பிரித்தறிதலும் இப்பணியின் ஒரு பகுதியேயாம்.

இயந்திரம் துணை, மனிதரே வழிகாட்டி

உலகெங்கும் இத்துறையில் நல்ல கருவிகள் தோன்றியுள்ளன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்திலே 1998 முதல், உண்மையான டிரான்சிஸ்டர்களை இணையத்தின் வழியே தொலைவிலிருந்து அளக்கும் ஏற்பாடு ஒன்று வளர்ந்தது. பின்னர் ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களும் அதிற் சேர்ந்தன. 2001 இற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டிலே கொலராடோவில் 'ஃபெட்' என்னும் கணினிச் செய்முறைத் தொகுதியைத் தொடங்கினார். இந்திய அரசின் ஆதரவில், தில்லி ஐ.ஐ.டி.யின் ஒருங்கிணைப்பில் 'வேர்ச்சுவல் லாப்ஸ்' நடைபெறுகின்றது. ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட 'ஃபைஃபொக்ஸ்' என்னும் செயலி, கைத்தொலைபேசியையே அளவுகருவியாக மாற்றிவிடுகின்றது.

இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் கணினி ஊசல் பொதுவாகப் பிழையின்றி ஆடும், நூல் அறாது, காற்றில் அசையாது, எண்ணுவதிலும் பிழை வராது. பிழைக்கே இடமில்லாத இடத்திற் பிழை திருத்தப் பழகுவது எங்ஙனம்? பிள்ளை அனுப்பிய எண்ணைப் பார்த்து, அவள் எவ்விடத்தில் நின்று எவ்வாறு எண்ணியிருப்பாள் என்று மனக்கண்ணாற் காண ஒருவர் வேண்டும். பெரிய வகுப்பிலே பேராசிரியருக்கு அதற்கு அவகாசமில்லை. சிறு குழுவை வைத்திருக்கும் செய்துகாட்டுநருக்கே அது இயலும்.

மொழித் தடையையும் இங்கு மறத்தலாகாது. உயர்தரம் வரை தமிழிற் பயின்ற பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலே விஞ்ஞானம் பயில நேர்கின்றது. திரையிற் பலர் முன்னிலையிற் கேள்வி கேட்க நாணும் அப்பிள்ளைக்கு, தனியே ஓரிரு நிமிடம் தமிழில் விளக்கும் ஒருவர் கிடைத்தால் அது பேருதவி. சிங்கள மாணவருக்குச் சிங்களத்திலும் அவ்வாறே சொல்லத்தக்க செய்துகாட்டுநர், கல்வியோடு நல்லுறவையும் வளர்ப்பவராவார்.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

பட்டம் பெற்ற மகனோ மகளோ இத்தகைய பணியை ஏற்கும்போது, "நிரந்தரமில்லாத உத்தியோகம், கணினி முன் உட்கார்ந்திருப்பதா வேலை?" என்று பெற்றோர் மனம் சலித்தல் இயல்பே. சம்பளமும் ஒப்பந்தக் காலமும் போதாதவை என்பதை மறுப்பதற்கில்லை. பல்கலைக்கழகங்கள் இதிற் கவனஞ் செலுத்துதல் வேண்டும். ஆயினும் இவ்வேலையை இழிவாகக் கருதுவதற்கு நியாயமில்லை. கேம்பிரிட்ஜிலே புகழ்பெற்ற கவண்டிஷ் ஆய்வுகூடத்தில், 1880களிற் கிளேஸ்புரூக், ஷா என்னும் இருவரும் செய்துகாட்டுநராயிருந்தே செய்முறைப் பௌதிகத்தை ஒழுங்கான பாடமாக்கினர். பிறருடைய வழுவைக் கண்டுபிடித்துப் பழகியவர், தம் ஆராய்ச்சியிலும் வழுவை விரைவில் காண்பார். மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவோருக்கு இதனினும் நல்ல பயிற்சி எளிதிற் கிட்டாது.

வீட்டிலிருந்து பயிலும் பிள்ளைக்குப் பெற்றோர் செய்யக்கூடிய உதவியும் உண்டு. விறாந்தையில் நூலைக் கட்டி எதையோ ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை, "படிக்காமல் விளையாடுகிறாயா?" என்று அதட்டாதீர்கள். முடிந்தால் அலைவை எண்ண நீங்களும் உதவுங்கள். பூச்சியத்தில் தொடங்கவேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

மாணவர்களே, உங்கள் ஊசல் சொன்ன எண்ணையே எழுதுங்கள். நூலிலுள்ள எண்ணோடு அது ஒவ்வாவிடின் அஞ்சவேண்டாம். ஏன் ஒவ்வவில்லை என்று தேடுங்கள். உங்கள் தொலைபேசிக்கு அப்பால் ஒருவர் அந்த எண்ணைக் கவனமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் படிப்பதற்கு உண்மையான எண் ஒன்றை அனுப்புவது உங்கள் கடமை.